எடை லிஸ்டும் வண்டித்தட பாத்தியமும்

மாமாவின் நிட்டிங் கம்பெனியில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, எட்டு வட்டப் பின்னல் மெஷின் ஓடுகிற ஷெட். அதன் மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. கம்ப்யூட்டர், பிரிண்டர், சரக்கு அனுப்பும்போது எழுதுகிற டிசி புத்தகக் கட்டு எல்லாம் அங்கேதான். தடுப்புக்கு இந்தப் பக்கம் எடை மெஷின். மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டேப் போட்டு ஒட்டியிருந்தது. மாமா, அத்தை, சூப்பர்வைசர், எடை போடுகிற பொண்ணு, நைட் ஷிப்ட் ஆள் என்று ஐந்து பேர் அதில் உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமா பையன் வந்து கேம் விளையாடுவான். எல்லோருக்கும் ஒரே லாகின்.

அந்த ஒற்றை லாகினைப் போட்டுக் கொடுத்தவன் நான். பழைய மெஷின் திணறுகிறது என்று மாமா சொன்னபோது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டு, கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் திறந்து காட்டி, "அவ்வளவுதானுங் மாமா" என்று கிளம்பி வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு சனிக்கிழமை. சம்பள நாள். நூல் கொடுத்த பார்ட்டி கணக்குப் பார்க்க வந்திருந்தார். ஜாப் ஒர்க்கில் நூல் பார்ட்டியுடையது. நாம் பின்னிக் கொடுத்துக் கூலி வாங்குகிறோம். எத்தனை கிலோ நூல் வந்தது, எத்தனை கிலோ துணி போனது, வேஸ்டேஜ் எவ்வளவு என்பதில்தான் பேரே அடங்கியிருக்கிறது. அன்றைக்கு ஒரு லாட்டில் நான்கு ரோல் துணி குறைந்தது. ரோல் குடோனில் இருந்தது, எண்ணிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் எடை லிஸ்டில்தான் நான்கு வரியைக் காணோம். யாரோ அழித்திருக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ.

"அம்மணி, நீதானே எடை போட்டே?" என்றார் சூப்பர்வைசர், பார்ட்டி முன்னாலேயே.

"நான் போட்டது போட்டபடிதானுங்ணா இருந்துச்சு."

"அப்பறம் யாரு, எலி வந்து அழிச்சுச்சா?"

அவள் பதில் சொல்லவில்லை. திங்கள் வேலைக்கு வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அத்தை நேரில் போய்ப் பேசி அழைத்துக்கொண்டு வந்தார். அன்று ராத்திரி அத்தை எனக்குப் போன் செய்து கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் கண்ணு, அந்த லிஸ்டை ஆரு மாத்துனாங்கன்னு கம்ப்யூட்டருல பாக்க முடியாதா?"

முடியாது. ஐந்து பேரும் ஒரே பேரில் உள்ளே போகிறபோது, லினக்ஸுக்கு அங்கே இருப்பது ஒரே ஆள். அவள் செய்யவில்லை என்று நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. அது என்னால் வந்த நிலைமை என்பது எனக்கு நன்றாக உறைத்தது. அடுத்த ஞாயிறு கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறினேன்.

மாமாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு லாகின், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு என்றதும் முகம் மாறிவிட்டது. "நம்ம ஆளுங்கள நாமளே நம்பலீன்னா எப்படி மாப்ள? சாவியப் பீரோவுல வச்சுப் பூட்டற பொழப்பு நம்மளுக்கு வேண்டாம்" என்றார். அவர் அப்படிப்பட்ட ஆள்தான். நான் அந்தப் பொண்ணு பேச்சை எடுத்தேன். "அன்னிக்கு அவளுக்குத் தனி லாகின் இருந்திருந்தா, அந்த ஃபைலை அவளைத் தவிர ஆரும் தொட முடியாதபடி இருந்திருந்தா, நாலு வரி காணாமப் போயிருக்காது. போயிருந்தாலும் கேள்வி அவகிட்ட மட்டும்தான், அவளே பதில் சொல்லியிருப்பா. இப்ப அஞ்சு பேரு தப்பும் அவ தலையிலங் மாமா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "செரி, போடு" என்றார்.

எனக்கு இதில் உறுதியான எண்ணம் உண்டு. தனி லாகின் கேட்பதை நம் ஊரில் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறோம். வீட்டிலும் அப்படித்தான், கம்பெனியிலும் அப்படித்தான். ஒரே பாஸ்வேர்டில் ஐந்து பேர் புழங்குகிற இடத்தில் தப்பு நடந்தால், அது எப்போதும் அந்த ஐந்தில் எளியவர் மேல்தான் போய் விழும். சம்பளம் குறைந்தவர், வயதில் சின்னவர், எதிர்த்துப் பேசாதவர். தனி லாகின் அவருக்குத்தான் முதலில் வேண்டும்.

இந்த ஏற்பாடு லினக்ஸில் பின்னால் ஒட்டவைத்தது கிடையாது. 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லை. ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் போகப்போக ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு உரிமையாளர், ஒரு குழு, மற்றவர்கள் என்று மூன்று தட்டாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் படிக்க (ஆர்), எழுத (டபிள்யூ), இயக்க (எக்ஸ்) என்று மூன்று அனுமதி. எண்ணில் சொல்லும்போது படிக்க 4, எழுத 2, இயக்க 1; கூட்டி, தட்டுக்கு ஒரு இலக்கம். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியபோது இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டார். மாமாவின் கண்ணாடி அறையில் இருப்பதும் அதே நிலைமைதானே. ஒரு இயந்திரம், பல பேர்.

ஐந்து பேருக்கும் மாமா பையனுக்கும் லாகின் உண்டாக்குவது ஐந்து நிமிஷ வேலை. லாகின் பேர் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் வைக்கவேண்டும். முழுப்பேரை செட்டிங்ஸ் ஜன்னலில் தமிழில் போடலாம். அந்தப் பொண்ணின் பேரைத் தமிழில் அடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். லாகின் திரையில் மாமா பேருக்குக் கீழே அவள் பேர். பாஸ்வேர்டை அவளே அடிக்கட்டும் என்று எழுந்து தள்ளி நின்றேன். திரும்பிப் பார்த்து, "நீங்க பாக்கலீங்ளே?" என்று கேட்டாள். "பாக்கலை" என்றேன்.

லினக்ஸ் உள்ளுக்குள் பேரைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற லாகினுக்கு 0. உபுண்டுவில் மனிதர்களுக்கு 1000-லிருந்து தொடங்கும். நான் 1000, மாமா 1001, அத்தை 1002, அவள் 1003. இந்த எண்ணைப் பற்றிக் கடைசியில் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

குழுவில்தான் யோசனை தேவைப்பட்டது. ஆளை வைத்துக் குழு போடக்கூடாது, வேலையை வைத்துப் போடவேண்டும். ஆள் மாறுவார், வேலை மாறாது. எடை என்று ஒரு குழு: அந்தப் பொண்ணு, சூப்பர்வைசர், நைட் ஷிப்ட் ஆள், அத்தை. கணக்கு என்று இன்னொரு குழு: அத்தை, மாமா. மாமா பையனுக்கு ஒரு குழுவும் இல்லை, அவன் கேம் அவன் ஃபோல்டரில்.

அடுத்து, எடை லிஸ்டை எங்கே வைப்பது? மாமா பேரில் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்குள் 'எடை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதன் குழுவை மாற்றி, அனுமதியும் கொடுத்தேன். அந்தப் பொண்ணின் லாகினில் போய்த் திறந்தால் திறக்கவில்லை. எடை ஃபோல்டருக்கு எல்லா அனுமதியும் இருக்கிறது, இருந்தும் உள்ளே போக முடியவில்லை. உபுண்டு 21.04-லிருந்து புதிதாக உண்டாகும் ஹோம் ஃபோல்டர் 750 அனுமதியோடுதான் வருகிறது. அதற்கு முன்பு 755. 750-ல் மற்றவர்களுக்கு 0, வெளியாள் வாசலிலேயே நிற்கவேண்டும்.

மாமாவுக்கு இதை விளக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. எங்கள் பக்கம் நிலப் பத்திரம் எதை எடுத்தாலும் கடைசியில் வண்டித்தட பாத்தியம் என்று ஒன்று வரும். உள்காட்டில் இரண்டு ஏக்கர் வாங்கினால் போதாது. ரோட்டிலிருந்து அந்த இரண்டு ஏக்கருக்கு அடுத்தவர் காட்டு வழியே ஆளும் வண்டியும் மாடும் போய்வர உரிமை எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தக் காட்டுக்கே போக முடியாது. தடத்தில் நடக்கலாம் என்பதால் பக்கத்துக் காட்டில் தேங்காய் பறித்துவிடவும் முடியாது. ஃபோல்டர் மேல் இருக்கும் எக்ஸ் அனுமதி சரியாக இந்தத் தடம்தான். ஆர் இருந்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்கலாம், டபிள்யூ இருந்தால் உள்ளே சேர்க்கலாம் அழிக்கலாம், எக்ஸ் இருந்தால் அதைக் கடந்து போகலாம். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு ஃபோல்டரிலும் தடம் இருந்தால்தான் கடைசி ஃபோல்டருக்குப் போய்ச் சேர முடியும்.

"அப்ப என்ற காட்டு வழியா எதுக்கு விடோணும்? பொதுத்தடத்துல வச்சுப்போடு" என்றார் மாமா. அதுதான் சரியான விடையும். ஹோமுக்கு வெளியே, எஸ்ஆர்வி என்ற பொது ஃபோல்டருக்குக் கீழே 'எடை', 'கணக்கு' இரண்டையும் வைத்தேன்.

கணக்கு ஃபோல்டர் சுலபம். அத்தையும் மாமாவும் ஒரே ஃபைலில் இரண்டு பேரும் எழுதவேண்டும். இங்கே செட்ஜிஐடி என்ற ஒன்று உதவுகிறது. அனுமதி மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 2770 என்று போட்டால், முன்னால் இருக்கும் அந்த 2, அந்த ஃபோல்டருக்குள் யார் எதை உண்டாக்கினாலும் ஃபோல்டரின் குழுவே அதற்கும் சேரும்படி பார்த்துக்கொள்ளும். குழு சேர்ந்தாலும் எழுத அனுமதி சேருமா என்பது, புது ஃபைலில் எந்த அனுமதியைக் கழிக்கவேண்டும் என்று சொல்லும் யூமாஸ்க்கைப் பொறுத்தது. 022 என்றால் குழுவால் படிக்க மட்டும்தான் முடியும், 002 என்றால் எழுதவும் முடியும். ஒவ்வொரு லாகினிலும் யூமாஸ்க்கைத் தேடித்தேடி மாற்றுவதைவிட, ஃபோல்டருக்கே டிஃபால்ட் ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியலைப் போட்டுவிடுவது நல்லது. செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் ஒருமுறை சொல்லிவிட்டால், உள்ளே புதிதாக உண்டாகும் ஃபைல் யூமாஸ்க்கைப் பார்க்காமல் ஃபோல்டர் சொன்னபடி அனுமதி எடுத்துக்கொள்ளும்.

இரண்டு நாள் கழித்து அத்தையிடமிருந்து போன். ஒரு பில் ஃபைலை மட்டும் மாமாவால் திருத்த முடியவில்லை. அத்தை அதைத் தன் டெஸ்க்டாப்பில் தயார் செய்துவிட்டு, மவுஸால் இழுத்துக் கணக்கு ஃபோல்டருக்குள் போட்டிருக்கிறார். ஒரே டிஸ்க்குக்குள் இழுத்துப் போட்டால் அது நகர்த்தல். நகர்த்திய ஃபைல் பழைய குழுவையும் பழைய அனுமதியையும் அப்படியே தூக்கிக்கொண்டு வரும். காப்பி செய்து ஒட்டினால்தான் புது இடத்தில் புதிதாகப் பிறக்கும், ஃபோல்டர் சொன்னதைக் கேட்கும். பல பேர் "பர்மிஷன் எல்லாம் சரியாத்தானே போட்டேன்" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிற இடம் இதுதான். அந்த எரிச்சலில்தான் 777 அடித்துவிடுகிறார்கள். 777 என்றால் வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடு மேய்கிறது என்று அழுவது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

எடை ஃபோல்டரில்தான் நான் அதிக நேரம் உட்கார்ந்தேன். எல்லாம் ஆரம்பித்ததே அங்கேதான்.

முதலில் அதையும் கணக்கு மாதிரி 2770 போடலாம் என்றுதான் நினைத்தேன். யோசித்தால் அது பழைய கதையேதான். ஒரே லிஸ்டில் மூன்று பேர் எழுதினால், வரியை யார் அழித்தார் என்று ஃபைலில் எங்கேயும் இருக்காது. ஃபைலுக்குப் பக்கத்தில் தெரிகிற பேர் உரிமையாளர் பேர். கடைசியாகக் கை வைத்தவர் யார் என்பதை அது சொல்லாது. தேதியும் நேரமும் தெரியும், கை தெரியாது. லாகினைப் பிரித்தது மட்டும் போதாது, லிஸ்டையும் பிரிக்கவேண்டும். ஷிப்டுக்கு ஒரு ஃபைல், எடை போடுகிறவர் பேரிலேயே. எழுதுகிறவர் அவர் ஒருவர்தான், குழுவில் மற்றவர்கள் படிக்கலாம். எண்ணில் சொன்னால் 640. அத்தை எல்லா ஃபைலையும் படித்துத் தன் கணக்கில் கூட்டிக்கொள்வார்.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. லினக்ஸில் ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் மேல் எழுத அனுமதி தேவையில்லை, அது இருக்கும் ஃபோல்டரின் மேல் இருந்தால் போதும். ஃபைல் பேர் என்பது ஃபோல்டர் என்ற பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி. பதிவேட்டில் எழுத முடிகிறவர் அந்த வரியை அடித்துவிடலாம். அவள் ஃபைலை ஒரு எழுத்துக்கூட மாற்ற முடியாத சூப்பர்வைசரால் அந்த ஃபைலை மொத்தமாக அழிக்க முடியும்! இதற்குத்தான் ஸ்டிக்கி பிட். எல்லோரும் எழுதுகிற டெம்ப் ஃபோல்டரில் 1777 என்று இருப்பது இதனால்தான். அது இருந்தால் ஃபைலின் உரிமையாளர், ஃபோல்டரின் உரிமையாளர், ரூட் ஆகியோரைத் தவிர வேறு யாரும் அழிக்கவோ பேர் மாற்றவோ முடியாது. செட்ஜிஐடிக்கு 2, ஸ்டிக்கிக்கு 1, இரண்டும் சேர்த்து 3770. ஃபோல்டர் மாமா பேரில்.

எடை மெஷின் வேறு ஒரு பாடம் வைத்திருந்தது. அதிலிருந்து யுஎஸ்பி சீரியல் வயர் வழியாக எடை நேராகக் கம்ப்யூட்டருக்கு வரும், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதைப் படித்து வரி சேர்க்கும். என் லாகினில் ஓடியது அவள் லாகினில் ஓடவில்லை. பர்மிஷன் டினைடு. லினக்ஸில் வயரும் ஒரு ஃபைல்தான், அதற்கும் உரிமையாளர், குழு எல்லாம் உண்டு. உபுண்டுவில் சீரியல் போர்ட் டயல்அவுட் என்ற குழுவுக்குச் சொந்தம். மோடம் வைத்து டயல் செய்த காலத்துப் பேர் அப்படியே நிற்கிறது. அவசரத்துக்கு அந்த ஃபைலுக்கு 666 போட்டுப் பார்த்தால் வேலை செய்யும். வயரைப் பிடுங்கிச் சொருகியதும் பழையபடி ஆகிவிடும். எடை போடும் மூன்று பேரையும் டயல்அவுட்டில் சேர்த்தேன். சேர்த்த கையோடு வேலை செய்யாது. குழு மாற்றம் அடுத்த லாகினில்தான் வரும், வெளியே போய் உள்ளே வரவேண்டும்.

அன்றைக்குச் சாயந்திரம் நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன், படிக்கிற யாருக்காவது உதவும். என்னையும் எடை குழுவில் சேர்த்துக்கொள்ள லாகினைத் திருத்தும் யூசர்மாட் கட்டளை அடித்தேன். அதில் பெரிய ஜிக்கு முன்னால் சின்ன ஏ போடவேண்டும், போடவில்லை. சின்ன ஏ இருந்தால் இருக்கும் குழுக்களோடு இதையும் சேர். இல்லாவிட்டால் இதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதிலிருந்தெல்லாம் நீக்கு. அட்மின் அதிகாரம் தரும் சுடோ குழுவிலிருந்தும் நான் நீங்கிவிட்டேன். அந்த கம்ப்யூட்டரில் இருந்த ஒரே அட்மின் நான். வெளியே போய் உள்ளே வந்து அடித்த அடுத்த கட்டளைக்கு சுடோ என்னை யாரென்று தெரியாது என்றது. நைட் ஷிப்ட் ஆரம்பிக்க அரை மணி நேரம்.

ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் ரெகவரி மோடுக்குப் போய், ரூட் ஷெல் எடுத்து, டிஸ்க்கை எழுதும்படி ரீமவுண்ட் செய்து, என்னை மறுபடி சுடோவில் சேர்த்தேன். பத்து நிமிஷம் ஆனது. அதற்கப்புறம் நான் யூசர்மாட் பக்கமே போவதில்லை. அட்யூசர் என்று அடித்து லாகின் பேரையும் குழுப் பேரையும் கொடுத்தால் சேர்க்கும், அவ்வளவுதான், எதையும் நீக்காது. அதோடு இன்னொரு அட்மின் லாகினும் உண்டாக்கி, பாஸ்வேர்டை எழுதிக் கவரில் போட்டு ஒட்டி அத்தையிடம் கொடுத்தேன். பீரோவில் பத்திரக் கட்டோடு இருக்கிறது.

கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு ரெகவரி மோடில் ரூட் கிடைத்தது என்றால் வேறு யாருக்கும் கிடைக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் இந்த அனுமதி எதுவும் நிற்காது. அதற்கு டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்யவேண்டும், அது வேறு கதை. கம்பெனிக்குள் இருக்கிற ஆறு பேர் ஒருவர் வேலையில் ஒருவர் தெரியாமல் கை வைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதை நன்றாகவே செய்கிறது.

அந்த நான்கு வரியை அழித்தது யார் என்று இன்று வரை தெரியாது. சூப்பர்வைசர் ஒருநாள் தானாகவே அவளிடம், "அன்னிக்கு நான் பேசுனது தப்பும்மா" என்று சொன்னதாக அத்தை சொன்னார்.

போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகி கொடுமுடிப் பக்கம் போய்விட்டாள். புதிதாக ஒரு தம்பி எடை போட வந்தான். "அவ லாகின அழிச்சுப்போட்டு இவனுக்குப் புதுசா போட்டுரட்டுமா?" என்று மாமா போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். 1003 என்ற எண் இங்கேதான் வருகிறது. ஃபைல்களில் எழுதியிருப்பது அவள் பேர் கிடையாது, 1003 என்ற எண். லாகினை அழித்தால் அந்த எண் காலியாகும். புது லாகின் போடுவதும் அட்யூசர்தான், அது புது ஆளுக்கு எண் தேடும்போது காலியாக இருக்கும் முதல் எண்ணைத்தான் எடுக்கும். புதுத் தம்பி 1003 ஆகிவிடுவான். அவள் இத்தனை நாளாகப் போட்ட எடை லிஸ்ட் எல்லாம் ஒரே நாளில் அவன் பேரில் தெரியும், அவனால் மாற்றவும் முடியும். அதனால் பாஸ்வேர்டைப் பூட்டி, லாகினைக் காலாவதி ஆக்கி, எடை குழுவிலிருந்து மட்டும் அவளை எடுத்துவிட்டேன். லாகின் அப்படியே இருக்கிறது, யாரும் உள்ளே போக முடியாது. புதுத் தம்பிக்குப் புது எண்.

சித்திரையில் அந்தப் பழைய பார்ட்டி மறுபடி வந்தார். முந்தின வருஷத்து லாட் ஒன்றில் ஒரு ரோல் எடை பற்றிச் சந்தேகம். நான் அன்று அங்கே இருந்தேன். அத்தை எடை ஃபோல்டரைத் திறந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாகக் கீழே வந்தார். உரிமையாளர் என்ற கட்டத்தில் அவள் பேர். சாயந்திரம் 6.40-க்கு மூடிய ஃபைல். பதினேழாவது ரோல், 22 கிலோ 350 கிராம்.

"இந்தாங்க, பாத்துக்குங்க" என்று அத்தை மானிட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.